கீழ்த்தட்டு அணிகளும் மஞ்சள் கொடியும்: ஃபேண்டஸி பிரீமியர் லீக் எப்படி இருக்கு?

பீளமேட்டு பேக்கரி வாசலில் பப்ஸும் டீயுமாக, இங்கிலாந்துக் கால்பந்தின் மேல்மட்ட லீக்கான பிரீமியர் லீக் பற்றி நடக்கும் ஓரியாட்டம் கடைசியில் இரண்டே கேள்வியில் வந்து நிற்கும். 20 அணியில் கடைசி மூன்றும் அடுத்த லீக்குக்கு இறங்க வேண்டும், இந்த வருசம் அப்படிக் கீழே போகிற மூன்று அணி எது? அடிபட்டவன் இந்த வாரம் இறங்குவானா மாட்டானா? கோப்பை யாருக்கு என்பதைப் பல வருசம் மார்ச்சுக்குள் சொல்லிவிடலாம். இந்த இரண்டையும் அப்படிச் சொல்ல முடியாது, டீ ஆறிப்போவதே அதனால்தான்.

பிரீமியர் லீக்கே நடத்துகிற ஃபேண்டஸி ஆட்டம் இந்த இரண்டு கேள்விக்கும் வாராவாரம் விடை எழுதச் சொல்லி மார்க் போடுகிறது. நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் ஒரு கற்பனை அணி அமைக்கிறோம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்கிறதுக்கு நமக்குப் புள்ளி. ஒத்தப் பைசா கட்ட வேண்டியதில்லைங்க. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. இதில் கட்டணமும் கிடையாது, பந்தயமும் கிடையாது, அதனால் அந்தச் சட்டம் இதைத் தொடவில்லை. உலகம் முழுக்க 1 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். செயலி முழுக்க இங்கிலீஷ்தான், ஆனால் ஆட்டக்காரர் பெயரும் எண்ணும் படிக்கத் தெரிந்தால் போதும்.

அடிப்படை விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகிற 100 மில்லியன் தருவார்கள். அதில் 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு என 15 பேரை வாங்க வேண்டும். ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. வாரம் ஒரு மாற்றம் இலவசம், செய்யாமல் விட்டால் 5 வரை சேரும். கையிருப்பை மீறிச் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளி கழியும். கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. மிச்சத்தை ஆடிக்கொண்டே பிடித்துக்கொள்ளலாம்.

கீழ்த்தட்டு அணிகள் இதற்குள் எப்படி வருகின்றன என்று கேட்டால், பணம் பத்தாததால் வருகின்றன. 2025-26 தொடக்கத்தில் லிவர்பூல் ஆட்டக்காரர் சாலாவின் விலை 14.5 மில்லியன், மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்டின் விலை 14.0. இரண்டு பேரையும் வாங்கினால் மீதி 71.5. அதை 13 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 5.5. ஆர்சனல், லிவர்பூல் ஆட்களை மட்டும் வைத்து அந்தக் கணக்கை முடிக்க முடியாது. 4.0, 4.5 விலையில் முழு 90 நிமிடமும் ஆடுகிற ஆளைத் தேடினால், அந்தப் பருவத்தில் கீழ் லீக்கிலிருந்து மேலே ஏறி வந்த லீட்ஸ், பர்ன்லி, சண்டர்லேண்ட் மாதிரி அணிகளிலும் அட்டவணையின் கீழ்ப்பாதியிலும்தான் கிடைப்பான். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விரலியையும் கிழங்கையும் பிரித்துப் பார்ப்பதுபோல, கடைசி ஆறு அணிகளுக்குள் எவன் தேறுவான் என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த ஆட்டம் புள்ளி கொடுக்கிறது.

2025-26 பருவத்தில் வந்த ஒரு விதி இதை இன்னும் எச்சாக்கிவிட்டது. ஒரு டிஃபெண்டர் ஒரே ஆட்டத்தில் பந்தை வெளியே அடித்தது, தடுத்தது, இடைமறித்தது, டேக்கிள் போட்டது எல்லாம் சேர்த்து 10 ஆனால் 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் 12 வேண்டும், ஆனால் அவர்களுக்குப் பந்தை மீட்டெடுத்ததும் கணக்கில் சேரும். ஒரு ஆட்டத்துக்கு இந்த வகையில் 2தான், 20 தடவை தடுத்தாலும் 4 ஆகாது.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்க. கீழே தவிக்கிற அணியின் நடு டிஃபெண்டர் 0-2 என்று தோற்ற ஆட்டத்தில் முழுக்க நிற்கிறான். 60 நிமிடத்துக்கு மேல் ஆடியதற்கு 2, இரண்டு கோல் வாங்கியதற்கு கழித்தல் 1, தடுப்பாட்டத்துக்கு 2, ஆக 3. பெரிய கிளப்பின் விங்-பேக், அதாவது ஓரத்தில் ஏறி ஆடுகிற டிஃபெண்டர், 2-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் கோலும் அடிக்காமல், கோல் அடிக்க மற்றவனுக்குப் பந்தும் கொடுக்காமல் இருந்தால் அவனுக்கு 2. முன்னவன் விலை 4.5 என்றால் பின்னவன் விலை 6க்கு மேல் இருக்கும். தோற்ற அணியின் ஆள் ஜெயித்த அணியின் ஆளைவிட எச்சாக வாங்குகிறான். பழைய விதியில் இது நடக்காது. எவர்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி மாதிரி தலையிலும் நெஞ்சிலும் பந்தை வாங்கிக்கொண்டே நிற்கிற பழைய பாணி டிஃபெண்டருக்கு ஃபேண்டஸியில் மதிப்பு வந்தது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: அணி பந்தை வைத்து ஆடத் தொடங்கினால் இந்த எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிடும். மேனேஜரை (தலைமைப் பயிற்சியாளரை) மாற்றிய அணியில் முதல் இரண்டு மூன்று ஆட்டம் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

கோல்கீப்பருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். மூன்று தடுப்புக்கு ஒரு புள்ளி. 0-3 என்று தோற்ற ஆட்டத்தில் 7 பந்தைத் தடுத்தவனுக்கு 2 கூட்டல் 2 கழித்தல் 1, ஆக 3 கிடைக்கும். பெனால்டியைப் பிடித்துவிட்டால் மேலும் 5. அதற்காகக் கடைசி இடத்து அணியின் கீப்பரைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. 13 முதல் 17 வரை உள்ள இடங்களில், பந்து நிறைய வந்தாலும் வலைக்குள் கொஞ்சமாகப் போகிற அணியின் கீப்பர்தான் சரியான சரக்கு. கீழ்த்தட்டு அணியின் ஃபார்வர்டுகளை மட்டும் தொடவே வேண்டாம், பெனால்டி அவன்தான் அடிப்பான் என்றால் ஒழிய.

அட்டவணையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீங்க. 2023-24இல் எவர்டனுக்கு நிதி விதி மீறலுக்காக முதலில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆகி, பிறகு இன்னொரு 2 சேர்ந்தது. கடைசியில் 40 புள்ளியோடு தப்பித்தது. பல மாதம் கீழேயே கிடந்த அந்த அணி மொத்தப் பருவத்தில் வாங்கியது 51 கோல்தான். அதைவிடக் குறைவாக வாங்கியவை ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் என்று மூன்றே அணி. அதன் கீப்பர் பிக்ஃபோர்டு 13 ஆட்டத்தில் கோல் விடவில்லை. புள்ளி வெட்டு கிளப்புக்குத்தான், ஃபேண்டஸியில் அது யாரையும் தொடாது. வாங்கிய கோல் எண்ணிக்கை இருக்கிற பத்தியைப் பார்த்தவர்கள் மலிவாக நல்ல தடுப்பு வாங்கினார்கள், இடத்தை மட்டும் பார்த்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

40 புள்ளி எடுத்தால் தப்பிக்கலாம் என்ற பழைய வாய்ப்பாட்டையும் இங்கே நம்பி உட்காரக் கூடாது. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் கீழே போனது. 2010-11இல் பர்மிங்காமும் பிளாக்பூலும் 39 எடுத்துப் போயின. 2022-23இல் லெஸ்டர் 34 எடுத்துப் போக, எவர்டன் 36 எடுத்து நின்றது. அடுத்த இரண்டு பருவத்தில் தரை இன்னும் கீழே இறங்கிவிட்டது: 18ஆம் இடத்தில் லூட்டன் 26, அதற்கடுத்த வருசம் லெஸ்டர் 25. அந்த இரண்டு பருவத்திலும் புதிதாக ஏறி வந்த மூன்று அணியும் வந்த வழியே திரும்பின. 2024-25இல் சவுத்தாம்ப்டன் 7 ஆட்டம் மீதி இருக்கும்போதே இறங்கிவிட்டது, முழுப் பருவத்துக்கும் 12 புள்ளி. அப்படிப்பட்ட வருசத்தில் ஏப்ரல், மே மாதத்தில் கீழ்த்தட்டுச் சண்டையை நம்பி ஆள் வாங்குவதில் அர்த்தமில்லை. சண்டை அதற்குள் முடிந்திருக்கும்.

செத்த அணிக்கு எதிராக ஃபார்வர்டை வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம். ஷெஃபீல்டு யுனைடெட் 2023-24இல் 104 கோல் வாங்கியது, 38 ஆட்டப் பருவத்தில் அதுவே உச்சம். ஆனால் அதே அணியை 2023 செப்டம்பரில் நியூகாசில் 8-0 என்று அடித்தபோது கோல் போட்டது எட்டு வெவ்வேறு ஆட்கள்! ஒருவனை நம்பிக் கேப்டன் பட்டை கட்டியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான் வந்தது.

அடுத்தது காயம். ஒரு அணி கீழே சரிவதற்குக் காயம் எவ்வளவு காரணம் என்பதற்கு ஸ்பர்ஸ் என்று கூப்பிடப்படுகிற டாட்டன்ஹாமின் 2024-25ஐவிட நல்ல பாடம் கிடையாது. நவம்பரில் சிட்டியை 4-0 என்று அடித்த ஆட்டத்தில் கீப்பர் விக்காரியோவுக்குக் கணுக்கால் உடைந்தது. டிசம்பர் 8 அன்று செல்சிக்கு எதிராக நடு டிஃபெண்டர்கள் ரோமேரோவும் வான் டி வெனும் ஒரே ஆட்டத்தில் வெளியேறினார்கள். 18 வயது மிட்ஃபீல்டர் ஆர்ச்சி கிரேயை நடு டிஃபெண்டராக நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு வாரத்தில் லிவர்பூல் 6 கோல் போட்டது. ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோப்பா லீக் கோப்பையை எடுத்த அதே பருவத்தில் 38 புள்ளியோடு 17ஆம் இடம். ஸ்பர்ஸ் ஆட்களை விற்பதோடு நிற்காமல், ஸ்பர்ஸை அடுத்தடுத்துச் சந்திக்கிற அணிகளின் ஃபார்வர்டுகளை அன்றைக்கே வாங்கியவர்களுக்கு ஒரு மாதம் நோம்பி. ஒரு காயத்தால் லாபம் பெரும்பாலும் எதிரணிக்காரனுக்குத்தான்.

காயத்தைச் செயலி சொல்கிற விதம்தான் இந்த ஆட்டத்தின் மட்டமான பகுதி. ஆள் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கொடி வரும், கூடவே 75, 50, 25 என்று ஒரு சதவீதம். சிவப்புக் கொடி என்றால் 0. பார்க்கத் துல்லியம் மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் இருக்கிற 60, 40 எல்லாம் அதற்குத் தெரியாது. மேனேஜர் பேட்டியில் சொன்னதை மூன்று படியில் ஒன்றில் போடுகிறார்கள், அவ்வளவுதான். 75 என்று இருப்பவன் நாலு வாரத்தில் மூன்று வாரம் ஆடுவான் என்று படிக்கக் கூடாது. வெறும் தட்டு வாங்கியவனுக்கும் 75, தசை பிடித்துக்கொண்டு முழுப் பயிற்சிக்கு வராதவனுக்கும் 75. அதனால் கொடியைப் பார்த்தவுடன் எண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிற காரணத்தைப் படியுங்க. அடிபட்ட வீக்கம் என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம். தசை என்றால் வேறு கணக்கு.

ஹேம்ஸ்ட்ரிங் என்கிற தொடைப் பின்பக்கத் தசைதான் இன்றைக்குக் கால்பந்தின் பெரிய சீக்கு. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா எடுத்த நீண்ட கால ஆய்வில் மொத்தக் காயங்களில் அதன் பங்கு 2001-02இல் 12 சதவீதம், 2021-22இல் 24 சதவீதம். ஓட்டமும் வேகமும் கூடியது, ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடியது, தசை மட்டும் அதே தசை. லேசான இழுப்பு என்றால் இரண்டு மூன்று வாரம், பாதி கிழிந்தால் ஒன்றிலிருந்து இரண்டு மாதம், முழுக்கப் போனால் மூன்று மாதமும் அதற்கு மேலும். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்வது இதன் குணம். மேலே சொன்ன வான் டி வென் அக்டோபர் கடைசியில் ஹேம்ஸ்ட்ரிங் போய், டிசம்பர் 8 அன்றுதான் திரும்பினார், அன்றைக்கே அதே தசை மறுபடி போனது. கொடி மறைந்த வாரமே வாங்காமல், அவன் ஒரு தடவை 60 நிமிடம் தாண்டியதைப் பார்த்துவிட்டு வாங்குங்க. முழங்கால் ஜவ்வு கிழிந்தது என்று செய்தி வந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே விற்றுவிடலாம். 2024 செப்டம்பர் 22 அன்று விழுந்த சிட்டி மிட்ஃபீல்டர் ரோட்ரி லீக்கில் மறுபடி காலெடுத்து வைத்தது 2025 மே 20.

இதோடு சேர்ந்த இன்னொரு கண்ணி தானியங்கி மாற்று. நம் 15 பேரில் நாம் களமிறக்குகிற பதினொன்றில் ஒருவன் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்றால் பெஞ்சில் இருப்பவன் உள்ளே வருவான். 89ஆம் நிமிடம் இறங்கி ஒரு தடவை பந்தைத் தொட்டால் போச்சு, அவன் 1 புள்ளியோடு நிற்பான், பெஞ்சில் 9 வாங்கியவன் அங்கேயே கிடப்பான். காயத்திலிருந்து திரும்புகிறவனால் வருகிற பெரிய நட்டம் இதுதான். ஆடாமலே இருந்திருந்தால் நல்லது என்று திட்டுவது ஃபேண்டஸியில் மட்டும்தான் நடக்கும். கேப்டனுக்கும் அப்படியே: அவன் அறவே ஆடாவிட்டால்தான் துணைக் கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி போகும். இன்னொன்று, எந்த நேரமும் களத்தில் 3 டிஃபெண்டராவது இருக்க வேண்டும். 3-4-3 (3 டிஃபெண்டர், 4 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு) வைத்து ஒரு டிஃபெண்டர் வரவில்லை என்றால், பெஞ்சில் முதலில் நிற்கிற மிட்ஃபீல்டரைத் தாண்டி டிஃபெண்டரைத்தான் கூப்பிடும். சந்தேகக் கொடி டிஃபெண்டர் மேல் இருக்கிற வாரத்தில் பெஞ்சில் ஆடுகிற டிஃபெண்டர் ஒருவன் கட்டாயம் வேண்டும், 4.0 விலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனை வைத்துச் சமாளிக்க முடியாது.

இனி நேரம். அணியை மாற்றக் கடைசிக் கெடு, அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்பு. களமிறங்கும் பதினொருவர் பட்டியல் அதற்குப் பிறகுதான் வரும் என்பதால் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சனிக்கிழமை முதல் ஆட்டம் அங்கே 12.30 மணிக்கு. அவர்கள் கடிகாரம் கோடையில் இருக்கும்போது நமக்கு அது மாலை 5 மணி, கெடு 3.30. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் தள்ளி ஆட்டம் 6 மணி, கெடு 4.30. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள், அந்த நேரத்தில் யார் செல்போன் எடுப்பார்கள்? வெள்ளிக்கிழமை இரவு மேனேஜர்கள் பேட்டியெல்லாம் முடிந்ததும் அணியை வைத்துவிடுவதுதான் நம்ம ஊருக்குத் தோது. அங்கே 3 மணி ஆட்டங்கள் குளிர்காலத்தில் இங்கே இரவு 8.30, ஒன்றரை ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் வைக்கிற வாரம் மட்டும் கவனம். அங்கே இரவு 8 மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்குக் கெடு நள்ளிரவு 12. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் போன வார அணிதான் ஆடும். வீரர்களின் விலை 0.1 அளவில் ஏறி இறங்குவது நம்ம ஊர் காலையில். அந்த 0.1க்குப் பயந்து செவ்வாய்க்கிழமையே ஆளை வாங்கி, புதன்கிழமை ஐரோப்பிய ஆட்டத்தில் அவன் நொண்டிக்கொண்டு போவதுதான் புது ஆட்களின் வழக்கமான தவறு.

நண்பர்களோடு ஆட மினி லீக் இரண்டு வகை உண்டு. மொத்தப் புள்ளி வைத்து வரிசைப்படுத்துவது ஒன்று. வாரம் ஒருவரோடு மோதி வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்று எடுப்பது இன்னொன்று. ஒற்றைப்படையாக ஆள் இருந்தால் சராசரிப் புள்ளியோடு ஒரு பொம்மை அணியை அதுவே சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது வகை நிஜ அட்டவணை மாதிரியே ஓடும், ஆனால் ஒரு பெரிய குறை: கீழே இறக்குகிற வசதி கிடையாது. உலகத்துக்கே மூன்று பேரை இறக்கிக் காட்டுகிற லீக்கின் ஆட்டத்தில் ரெலகேஷனே இல்லை. கையால்தான் செய்ய வேண்டும். 20 பேர் சேர்ந்தால் பத்துப் பத்தாக இரண்டு லீக் தொடங்கி, பருவம் முடிந்ததும் மேல் லீக்கின் கடைசி மூவரையும் கீழ் லீக்கின் முதல் மூவரையும் இடம் மாற்றி, ஆகஸ்டில் லீக்கில் சேர்வதற்கான புதுக் குறியீடு அனுப்புங்க. கீழே போகிற பயம் வந்துவிட்டால் ஜனவரிக்குப் பிறகு அணியைத் தொடாமல் விடுகிறவர்கள் குறைந்துவிடுவார்கள்.

டிராஃப்ட் என்று இன்னொரு வடிவமும் இதே நிறுவனம் தருகிறது. அதில் ஒரு ஆட்டக்காரன் ஒரு லீக்கில் ஒருவருக்குத்தான். 8 பேர் ஆடினால் 120 ஆட்களை எடுத்தாக வேண்டும், ஆகவே கடைசிச் சுற்றுகளில் கீழ்த்தட்டு அணியின் மிட்ஃபீல்டர் யார் யார் என்று தெரிந்திருந்தால்தான் பிழைப்பு. கால்பந்தை உண்மையிலேயே விடாமல் பார்க்கிற ஆட்களுக்கு இதுதான் மேல்.

சிப் என்பது ஒரு வாரத்துக்குப் பயன்படுத்துகிற தனிச் சலுகை. அதில் ஒரே வாரத்துக்கு மட்டும் மொத்த அணியையும் இலவசமாக மாற்ற விடுகிற ஃப்ரீ ஹிட் சிப்பைப் பருவக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்க. 2025-26 முதல் ஒவ்வொரு சிப்பும் பருவத்தின் பாதிக்கு ஒன்று என்று இரண்டு தடவை வருகிறது, முதல் பாதிக்கு உரியது 19ஆம் வாரத்தோடு காலாவதி. கடைசி வாரம் எந்த மேனேஜர் யாருக்கு ஓய்வு கொடுப்பார் என்று சொல்ல முடியாது. தப்பிக்க இன்னும் ஜெயித்தாக வேண்டிய அணி மட்டும்தான் இருக்கிற நல்ல பதினொருவரையும் இறக்கும். 2023 மே 28 அன்று எவர்டனை மேலே நிறுத்தியது டூகூரே 57ஆம் நிமிடம் அடித்த ஒரே கோல். அதே நேரம் லெஸ்டர் 2-1 என்று ஜெயித்தும் இறங்கியது.

கடைசி நாள் பத்து ஆட்டமும் ஒட்டுக்கா தொடங்கும். அங்கே மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 8.30, கெடு 7 மணி. 10.30 மணி சுமாருக்கு விசில் ஊதியதும் மினி லீக் முடிந்துவிட்டது என்று கடைசி ஆளிடம் டீக்காசு கேட்காதீங்க. ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறப்பாக ஆடியவர்களுக்கு 3, 2, 1 என்று போனஸ் புள்ளி உறுதியாகி அட்டவணை புதுப்பிக்கும் வரை 17ஆம் ஆளும் 18ஆம் ஆளும் இடம் மாறலாம்.